கணினிக்குள் நுழைந்த ழகரம்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில், பழனிச்சாமி என்ற பெயருடையவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். தமிழில் அந்தப் பெயரை எழுதும்போது ஒற்று மிகுமா மிகாதா என்பதைத் தவிர வேறு ஐயம் எழுவதில்லை. ரோமன் எழுத்துக்குப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ழகரத்தை எல் என்றும் எழுதலாம், இசட்-எச் என்றும் எழுதலாம். சாமி என்பதை எஸ், எஸ்-டபிள்யூ, சி-எச் ஆகிய மூன்றில் எதைக் கொண்டும் தொடங்கலாம். முடிவில் ஐ அல்லது வொய் வரலாம். பெருக்கிப் பார்த்தால் ஒரே மனிதருக்கு 12 பெயர்கள் கிடைக்கின்றன. பள்ளிச் சான்றிதழில் ஒன்றும் வங்கிக் கணக்குப் புத்தகத்தில் இன்னொன்றும் இருந்துவிட்டால், ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும் நாளில் கணினி இருவரையும் வேறு வேறு ஆள் என்று சொல்லிவிடும். அப்போது அவர் வில்லேஜ் ஆபீசுக்குப் போய், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சான்று வாங்கி வர வேண்டும். இந்தப் பக்கத்தில் அந்தச் சான்றுக்கு எல்லாரும் சொல்லும் பெயர் 'ஒன் அண்ட் சேம்'.

கணினியின் வரலாற்றைப் பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே சொல்லிக்கொண்டு வருகிறோம்: வால்வு, டிரான்சிஸ்டர், சில்லு, கைப்பேசி என்று படிப்படியாக. அந்தக் கதை உண்மையானதுதான். ஆனால் எல்லையோரத்தில் வாழ்கிறவர்களுக்கு அதைவிட நெருக்கமான இன்னொரு வரலாறு இருக்கிறது. உலகத்தில் உள்ள எதை எந்த எண்ணாக எழுதுவது, எவற்றை ஒன்று என்று கொள்வது, எவற்றை வேறு என்று கொள்வது என்பதை யார், எப்போது, எந்த வசதிக்காகத் தீர்மானித்தார்கள் என்ற வரலாறு அது. அந்தத் தீர்மானங்கள் ஒருமுறை எடுக்கப்பட்டால் இயந்திரங்கள் மாறிய பிறகும் மாறுவதில்லை. கணினி இனி எந்தத் திசையில் போகும் என்று யோசிக்கிறவர்களும் அவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எழுத்தை எண்ணாக்குவது இன்றைய கணினியின் அடிப்படை. இந்த மண்ணில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதற்கு நேர்மாறான வேலை நடந்திருக்கிறது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பஞ்சாங்கம் கணித்தவர்கள் எண்களை எழுத்துகளாக மாற்றி, எழுத்துகளைப் பொருள் தரும் வாக்கியங்களாகக் கோத்து மனப்பாடம் செய்தார்கள். கடபயாதி என்று பெயர் பெற்ற அந்த முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. க, ட, ப, ய ஆகிய நான்கும் 1 ஆகும். சந்திரனின் இருப்பிடத்தைச் சொல்ல 248 வாக்கியங்கள் இருந்தன. வரருசியின் பெயரால் வழங்கும் அவற்றில் முதலாவது 'கீர்ந: ச்ரேய:' என்பது. அதன் இலக்கங்கள் 3, 0, 2, 1. வலமிருந்து இடமாகப் படித்தால் 12 பாகை 3 கலை. பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை. 14-ஆம் நூற்றாண்டில் பிறந்த கேரளக் கணித அறிஞர் சங்கமகிராமத்து மாதவன் அதே வாக்கியங்களை இன்னும் நுட்பமாகத் திருத்தினார். அவருடைய முதல் வாக்கியமான 'சீலம் ராஜ்ஞ: ச்ரியே' என்பதை இலக்கங்களாக்கினால் 12 பாகை 2 கலை 35 விகலை வருகிறது. கணக்கை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து போடாமல், ஒருமுறை போட்டு அட்டவணையாக்கி நினைவில் வைத்து, வேண்டும்போது எடுத்துக் கூட்டிக் கழிப்பது அவர்களுடைய வழி. தமிழ்நாட்டில் இன்றும் வழங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் இதனால்தான். 1825-இல் ஜான் வாரன் என்ற அதிகாரி, ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, எதையும் எழுதாமல், மனப்பாட அட்டவணைகளைக் கொண்டே சந்திர கிரகணம் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'கீர்ந:' என்பதன் முதலெழுத்தைத் தமிழில் எழுதும்போது அது ககரமாகவே நிற்கிறது. ஆனால் அது வடமொழியின் மூன்றாவது ககரம். ஆகவே அதன் மதிப்பு 3. முதல் ககரமாக இருந்திருந்தால் 1 ஆகியிருக்கும். மலையாள எழுத்திலும் கிரந்தத்திலும் நான்கு ககரங்களும் தனித்தனியே இருப்பதால் அங்கே குழப்பம் இல்லை. தமிழ் எழுத்தில் அந்தக் குறிமுறை ஓடாது. ஒலி வேறுபாட்டை எழுத்தில் காட்டாமல் இடத்தைக் கொண்டு உணர்ந்துகொள்வது தமிழின் இயல்பு. எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி வாழ்பவருக்கு அது இலக்கணச் செய்தி. எங்களுக்கு அது தினசரி வாழ்க்கை. பிற்காலத்தில் கணினிக்குத் தமிழ் போனபோது இதே இடத்தில்தான் மறுபடியும் வந்து நின்றோம்.

அட்டவணை என்ற சொல்லை இங்கே பிடித்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1822-இல் தம் வித்தியாச இயந்திரத்தை அறிவித்தபோது அவர் தீர்க்க நினைத்த சிக்கலும் அட்டவணைதான். கப்பலோட்டிகளும் வானியலாளர்களும் பயன்படுத்திய அச்சிட்ட அட்டவணைகளில் பிழைகள் மலிந்திருந்தன. மனிதக் கை படாமல் கணக்கிட்டு அச்சிடும் இயந்திரம் ஒன்று வேண்டும் என்று அவர் விரும்பினார். அவர் அடுத்து வடிவமைத்த பகுப்பாய்வு இயந்திரத்துக்கு ஜக்கார்டு தறியின் துளையிட்ட அட்டைகளை எடுத்துக்கொண்டார். கொங்கு நாட்டுத் தறிக்காரர்களுக்கு ஜக்கார்டு பெட்டியை விளக்க வேண்டியதில்லை: அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும், இல்லாத இடத்தில் நிற்கும், அதற்கேற்பப் பாவு நூல் ஏறும் அல்லது கிடக்கும். 1843-இல் ஏடா லவ்லேஸ் அந்த இயந்திரத்தைப் பற்றி எழுதிய குறிப்புகளில், எண் அல்லாத பொருள்களின் உறவுகளையும் முறைப்படி எழுத முடிந்தால் இயந்திரம் அவற்றின் மீதும் வேலை செய்யும் என்றார். இசையை எடுத்துக்காட்டாகச் சொன்னார். எழுத்தும் பெயரும் மொழியும் கணினிக்குள் நுழையப்போகிற வாசலை முதலில் கண்டவர் அவர்தான் என்று சொல்லலாம்.

வாசலுக்குள் முதலில் நுழைந்தவை மனிதர்களைப் பற்றிய விவரங்கள். அமெரிக்காவின் 1880-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைக் கையால் தொகுக்க ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1890-ஆம் ஆண்டுக் கணக்குக்கு ஹெர்மன் ஹோலரித் ஓர் இயந்திரம் கொண்டுவந்தார். ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் அட்டை. வயது, பிறந்த இடம், தொழில் என்று ஒவ்வொன்றுக்கும் அட்டையில் ஓர் இடம். அட்டையை வைத்துப் பிடியை அழுத்தினால் ஊசிகள் இறங்கும். துளை இருக்கும் இடத்தில் ஊசி அட்டையைக் கடந்து கீழேயுள்ள பாதரசக் கிண்ணத்தைத் தொடும். மின்சுற்று முழுமையாகி எண்காட்டி ஒரு படி நகரும். 6 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் இப்படி எண்ணப்பட்டார்கள். ஹோலரித் 1896-இல் தொடங்கிய நிறுவனம் 1911-இல் வேறு சிலவற்றோடு இணைந்தது; 1924-இல் அதற்கு ஐ.பி.எம். என்று பெயர் மாறியது. அட்டையில் எந்த விவரத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டதோ அது மட்டுமே எண்ணப்பட்டது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இடம் இல்லாத விவரத்தை இயந்திரம் மறுக்கவில்லை. அது இருப்பதே இயந்திரத்துக்குத் தெரியாது.

பெயர்ச் சிக்கல் அங்கேயும் வந்தது. பல நாடுகளிலிருந்து குடியேறியவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதியவர்கள் மனம் போனபடி எழுதினார்கள். அதற்குத் தீர்வாக ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918-இல் காப்புரிமை பெற்ற முறைதான் சவுண்டெக்ஸ். பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, ஒலியில் நெருங்கிய மெய்களுக்கு ஒரே எண் கொடுப்பது அதன் வழி. எஸ், சி, இசட் போன்றவற்றுக்கு 2. எல் என்பதற்கு 4. எம், என் இரண்டுக்கும் 5. மூன்று எண்கள் கிடைத்ததும் நிறுத்திவிட வேண்டும். 1930-களில் அமெரிக்கப் பழைய குடிக்கணக்குகளுக்கு இந்த முறையில் அகராதி அட்டைகள் எழுதப்பட்டன. தரவுத்தள மென்பொருள்கள் பலவற்றில் இன்றும் இது ஒரு கட்டளையாக உள்ளது.

நம்முடைய பழனிச்சாமியை இதில் போட்டுப் பார்ப்போம். எல் போட்டு எழுதிய ஆறு வடிவங்களும், சாமியை எப்படித் தொடங்கினாலும் எப்படி முடித்தாலும், பி452 என்ற ஒரே குறியைப் பெறுகின்றன. அதாவது சாமியில் வரும் குழப்பம் முழுவதையும் ஓர் அமெரிக்கப் பெயர்முறை சரியாக விழுங்கிவிடுகிறது. இசட்-எச் போட்டு எழுதிய ஆறு வடிவங்களுக்கும் பி252 என்ற வேறொரு குறி வருகிறது. ழகரத்தை எல் என்று கேட்டவருக்கு 4. இசட் என்று எழுதியவருக்கு 2. கேரளத்தில் ழகரத்துக்கு இசட்-எச் எழுதுவது நிலைபெற்ற வழக்கம். கோழிக்கோடும் ஆலப்புழையும் எங்கள் கொழிஞ்சாம்பாறையும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. தமிழ்நாட்டில் கழகம் என்பதற்கு இசட்-எச் போட்டாலும் பழனிக்கும் சோழவந்தானுக்கும் எல் தான். கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் பிறந்து இந்தப் பக்கம் படித்த ஒருவர், இந்த முறைப்படி இரண்டு ஆள். ஒரு மொழிக்காக அமைக்கப்பட்ட 'ஒன்றுதான்' என்ற விதி இன்னொரு மொழியில் எந்த இடத்தில் கிழியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

மின்னணுக் காலத்தை இங்கே விரைவாகவே கடக்கலாம். அது பலரும் அறிந்தது. 1946-இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற கணினி ஏறத்தாழ 18,000 வால்வுகளைக் கொண்டு நொடிக்கு 5,000 கூட்டல்கள் செய்தது. அதைக் கட்டியதும் பீரங்கிக் குண்டுகள் விழும் இடத்துக்கான அட்டவணைகளைக் கணிக்கத்தான். 1947 டிசம்பரில் டிரான்சிஸ்டர், 1958-59-இல் ஒருங்கிணைந்த சுற்று, 1971-இல் 2,300 டிரான்சிஸ்டர்களோடு இன்டெல் 4004 என்ற நுண்செயலி. இந்தியாவில் கல்கத்தாவின் புள்ளியியல் நிறுவனத்துக்கு 1950-களின் நடுவில் பிரிட்டனிலிருந்து ஒரு கணினி வந்தது. பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் டிஃப்ராக் என்ற கணினியைத் தானே கட்டி 1960-இல் இயக்கியது. எங்கள் பாலக்காட்டுக்கு அருகே கஞ்சிக்கோட்டில் 1976-இல் தொடங்கிய ஐ.டி.ஐ. (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) ஆலை பிறகு டிஜிட்டல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளைத் தயாரித்தது. திருவனந்தபுரத்தில் 1990-இல் டெக்னோபார்க் எழுந்தது. இவை எல்லாவற்றின் அடியிலும் 1963-இல் வெளியான ஆஸ்கி என்ற எழுத்துக் குறிமுறை இருந்தது. அதில் 128 இடங்கள். ஆங்கிலத்துக்கு அவை தாராளம்.

ஆஸ்கியை எட்டு பிட்டாக விரித்தால் 256 இடங்கள். மேலுள்ள 128 இடங்களில் அவரவர் மொழியை அவரவர் வைத்துக்கொண்டார்கள். தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஆளுக்கொரு வரிசையில் வைத்தார்கள். மலையாள எழுத்துரு செய்தவர்கள் அதே இடங்களில் தங்கள் எழுத்துகளை வைத்தார்கள். இதன் விளைவை நான் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கொழிஞ்சாம்பாறையில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், இங்குள்ள வழக்கப்படி கல்யாணப் பத்திரிகை ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும் இருக்கும். பொள்ளாச்சியில் தட்டச்சு செய்து ஃபிளாப்பியில் கொண்டுவந்த ஒரு பத்திரிகையைத் திறந்தேன். அந்தத் தமிழ் எழுத்துரு எங்கள் கணினியில் இல்லை. மணமகளின் பெயர், தாய்மாமன்களின் பெயர்கள், முகூர்த்த நேரம் எல்லாம் கேள்விக்குறியும் ரோமன் எழுத்தும் கலந்த வரிகளாக நின்றன. தவறிப்போய் அந்தப் பகுதிக்கு மலையாள எழுத்துருவைக் கொடுத்தபோது, ஒவ்வோர் எண்ணும் ஒரு மலையாள எழுத்தாக மாறி, எந்த மொழியிலும் பொருள் தராத ஒரு முழுப் பக்கம் அழகாக எழுந்து நின்றது. எண் ஒன்றுதான், அது எந்த எழுத்து என்பது மேலே போர்த்திய எழுத்துருவைப் பொறுத்தது. மணமகளின் தகப்பனார் கையெழுத்துப் பிரதியை வைத்திருந்ததால் அந்த இரவு முழுவதும் மறுபடி தட்டச்சு செய்து கொடுத்தேன்.

இந்தச் சீரழிவை முடித்துவைத்தது, உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு என்ற பொதுக் குறிமுறை. அதன் இந்தியப் பகுதிக்கு அடிப்படையாக அமைந்தது இந்திய அரசின் இஸ்கி குறிமுறையின் 1988-ஆம் ஆண்டு வடிவம். இந்திய எழுத்துகள் பிராமியிலிருந்து வந்த உறவினர்கள் என்பதால், எல்லாவற்றையும் ஒரே சட்டகத்தில் ஒரே வரிசையில் வைத்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எழுத்துமாற்றம் எளிது என்று அதை அமைத்தவர்கள் நினைத்தார்கள். யூனிகோடில் தமிழ்க் ககரத்தின் எண் 2965. அதோடு 128 கூட்டினால் 3093, தெலுங்குக் ககரம். மேலும் 128 கூட்டினால் கன்னடம். மேலும் 128 கூட்டினால் 3349, மலையாளக் ககரம். கொழிஞ்சாம்பாறைக்கும் பொள்ளாச்சிக்கும் உள்ள தூரம் கணினிக்குள் 384. எனக்கு இந்தக் கணக்கு முதன்முதலில் தெரிய வந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

அந்தச் சட்டகத்துக்கு ஒரு விலையும் உண்டு. தமிழில் ககரத்துக்கு அடுத்தது ஙகரம். யூனிகோடிலோ 2965-க்குப் பிறகு 2966, 2967, 2968 ஆகிய மூன்று இடங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. ஙகரம் 2969-இல் வருகிறது. கடபயாதியில் பஞ்சாங்கக்காரர் தேடிய அதே மூன்று ககரங்களின் இடங்கள் அவை. தமிழை வேறொரு சட்டகத்தில் அடைத்தார்கள் என்ற மனக்குறை தமிழ்க் கணிமை உலகில் நெடுநாள் இருந்தது. உயிர்மெய் எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரும் டேஸ்16 என்ற குறிமுறையைத் தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றதற்கும் அதுவே பின்னணி. அந்த மனக்குறையில் நியாயம் உண்டு. ஆனாலும் எல்லையில் வாழ்கிறவன் என்ற முறையில், அண்டை மொழிகள் ஒரே வரிசையில் நிற்பதால் கிடைத்த நன்மையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ழகரத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ் ழகரம் 2996. 384 கூட்டினால் 3380, மலையாள ழகரம் தன் இடத்தில் சரியாக இருக்கிறது. இரண்டு மொழிகளும் ஒரே ஒலியைக் காத்து வந்திருக்கின்றன. எழுத்தும் ஈடாக நிற்கிறது. தெலுங்கில் ழகரம் வழக்கொழிந்துவிட்டது. பழங்கல்வெட்டுகளில் மட்டும் உண்டு. அதற்குரிய 3124 என்ற இடம் நெடுங்காலம் காலியாகக் கிடந்து, 2014-இல் வந்த யூனிகோடு 7.0 பதிப்பில் நிரப்பப்பட்டது. கன்னடத்தின் கதை வருத்தமானது. பழங்கன்னட ழகரம் வரிசைக்கு வெளியே 3294 என்ற எண்ணில் வைக்கப்பட்டது. அதோடு அதற்கு 'ஃப' என்ற ஒலியைக் குறிக்கும் தவறான பெயரும் சூட்டப்பட்டுவிட்டது. அது பிழை என்று யூனிகோடு ஆவணமே குறிப்பிடுகிறது. ஆனால் ஒருமுறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது அங்கே உறுதியான விதி. ஆகவே அந்த ழகரம் இனி எந்நாளும் தவறான பெயரோடுதான் இருக்கும். உலகெங்கும் எழுதப்பட்ட நிரல்கள் அந்தப் பெயரை நம்பியிருப்பதால் இந்த விதி தேவையானதே. ஒரு தீர்மானம் எவ்வளவு காலம் உறைந்து நிற்கும் என்பதை அது நமக்குக் காட்டுகிறது.

யூனிகோடு வந்த பிறகும் 'ஒன்றா, இரண்டா' என்ற கேள்வி முடிந்துவிடவில்லை. கொழிஞ்சாம்பாறை என்ற பெயரின் முதலெழுத்தான 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே எண்ணாக வைக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனி எண்களாக வைக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. நல்லவேளையாக இவை இரண்டும் சமம் என்று யூனிகோடே விதித்திருப்பதால் ஒழுங்காக எழுதிய மென்பொருள் ஏமாறாது. மலையாளத்தில் அப்படி இல்லை. முருகன் என்ற பெயரின் இறுதியில் வரும் சில்லெழுத்தை, அதாவது உயிர் சேராத மெய்க்கு மலையாளத்தில் உள்ள தனி வடிவத்தை, 2008-க்கு முன்பு மூன்று எண்களின் கோவையாக எழுதினார்கள். 2008-இல் வந்த 5.1 பதிப்பில் சில்லெழுத்துகளுக்குத் தனி எண்கள் தரப்பட்டன. பழையதும் புதியதும் சமம் என்று விதி எதுவும் செய்யப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்காக ஓர் அலுவலகத்தின் பயனாளிகள் பட்டியலில் அவர் பெயரைத் தேடியபோது இல்லை என்று வந்தது. பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தால் பெயர் கண்ணெதிரே இருந்தது. எங்கள் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

சேமிக்கும் செலவிலும் வேறுபாடு உண்டு. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்த யூடிஎஃப்-8 முறையே இன்று இணையம் முழுவதும் வழங்குகிறது. அதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறிக்கு மூன்று பைட். கொழிஞ்சாம்பாறை தமிழ்க் கணக்கில் ஏழு எழுத்து, யூனிகோடில் 14 குறிகள், பைட்டில் 42. அதே ஊர் ரோமன் எழுத்தில் 13 பைட். வட்டுகள் மலிந்துவிட்ட காலத்தில் இது யாரையும் வருத்தவில்லை. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அது மறுபடியும் தலைதூக்கியிருக்கிறது.

2017-இல் வெளியான டிரான்ஸ்ஃபார்மர் என்ற கட்டமைப்பின் மேல் எழுந்த மொழி மாதிரிகள் சொற்களைச் சொற்களாகப் படிப்பதில்லை. டோக்கன் எனப்படும் துண்டுகளாகப் படிக்கின்றன. துண்டாக்குவதற்குப் பெரிதும் பயன்படும் முறை, 1994-இல் கோப்புகளைச் சுருக்குவதற்காக வெளியிடப்பட்ட ஒன்றின் வழிவந்தது: அடிக்கடி சேர்ந்து வரும் பைட்டுகளை ஒட்டி ஒரே துண்டாக்கிக்கொண்டே போவது. பயிற்சி உரையில் ஆங்கிலம் மிகுதியாக இருந்தால் ஆங்கிலச் சொற்கள் முழுத் துண்டுகளாகிவிடும். தமிழ்ச் சொற்கள் எழுத்தாகவும் எழுத்துக்குள் குறியாகவும் உடைந்து கிடக்கும். துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணமும் நினைவுப் பரப்பும் கணக்கிடப்படுவதால், ஒரே கேள்வியைத் தமிழில் கேட்பவருக்குச் செலவு கூடுகிறது. புதிய மாதிரிகளில் இந்த இடைவெளி குறைந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். துண்டுப் பட்டியலில் இந்திய மொழிகளுக்குக் கூடுதல் இடம் ஒதுக்கினாலே நிலைமை கணிசமாகத் திருந்துகிறது. அதாவது மறுபடியும் ஓர் அட்டவணை, மறுபடியும் யாருக்கு எத்தனை இடம் என்ற கேள்வி.

வன்பொருளின் போக்கைப் பற்றி ஒரு சொல். கார்டன் மூர் 1965-இல் கணித்தபடி சில்லில் டிரான்சிஸ்டர்கள் பெருகி, இன்றைய கைப்பேசிச் சில்லில் 1,000 கோடிக்கும் மேல் இருக்கின்றன. ஆனால் 2005-ஐ ஒட்டியே ஒரு செயலியின் துடிப்பு வேகம் கூடுவது ஏறத்தாழ நின்றுவிட்டது. சிறிதாக்கினால் வெப்பமும் குறையும் என்ற பழைய வசதி தீர்ந்துபோனதே காரணம். அதன் பிறகு ஒரே செயலிக்குள் பல கருக்களை, அதாவது கணக்கிடும் அலகுகளை, அடுக்குவதும், வரைகலைச் சில்லுகளில் ஆயிரக்கணக்கான பெருக்கல்களை ஒரே நேரத்தில் செய்வதுமே வழியாயிற்று. குவாண்டம் கணினிக்காக 2023-இல் இந்திய அரசு 6,003.65 கோடி ரூபாயில் தேசியத் திட்டம் ஒன்றை ஏற்றிருக்கிறது. வேதியியலிலும் மறைகுறியியலிலும் அது பெரிய மாற்றங்களைக் கொண்டுவரக்கூடும். வில்லேஜ் ஆபீஸ் வாசலில் நிற்பவரின் வாழ்க்கையை அது அண்மையில் தொடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரைத் தொடப்போவது பேச்சு.

கேரளத்தில் 2002-இல் மலப்புறத்தில் தொடங்கிய, அரசுச் சேவைகளைக் கணினி வழியே பெற்றுத் தரும் அக்ஷயா மையங்கள் இன்று ஊருக்கு ஊர் உள்ளன. எங்கள் ஊர் மையத்தில் சில வாரங்களுக்கு முன்பு ஒரு பெரியவர் நிலத்தின் விவரம் சேர்க்க வந்திருந்தார். கணினி முன் இருந்த பெண் "ஐயா, ஆதாரம் கொண்டுவந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். "இது இல்லீங்க ஐயா, பூமியோட ஆதாரம்" என்றாள். "பத்திரமா அம்மிணி? அது வீட்டுல பொட்டியில இருக்குது" என்று சொல்லிவிட்டு வெயிலில் திரும்பிப் போனார். மலையாளத்தில் ஆதாரம் என்றால் கிரயப் பத்திரம், தமிழில் சான்று. தமிழில் பத்திரம் என்றால் கிரயப் பத்திரம். மலையாளத்தில் பத்ரம் என்றால் செய்தித்தாள். 'கரம்' என்றால் தமிழ்நாட்டில் கை, இங்கே நிலவரி. "கரம் கட்டோணும்" என்று எங்கள் ஊரில் ஒருவர் சொல்வதில் வினைச்சொல் கொங்குத் தமிழ், பெயர்ச்சொல் மலையாள வருவாய்த் துறை.

இப்படிப் பேசுகிறவரின் குரலைக் கேட்டு எழுதும் மென்பொருள் முதலில் கேட்பது, இது தமிழா மலையாளமா என்றுதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகே அது காது கொடுக்கிறது. தேர்ந்தெடுத்த மொழியின் பயிற்சிப் பேச்சு சென்னையிலும் மதுரையிலும், அல்லது கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் பதிவானதாக இருந்தால், கரம் கையாகிவிடும். ஹோலரித்தின் அட்டையில் இடம் இல்லாத விவரம் போலத்தான் இதுவும். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அட்டையில் என்ன இடம் இருக்கிறது என்பதை எவரும் பார்க்க முடிந்தது. யூனிகோடு அட்டவணையும் திறந்தே கிடக்கிறது, அதனால்தான் கன்னட ழகரத்தின் தவறு நமக்குத் தெரிகிறது. மொழி மாதிரிக்குள் ஒரு சொல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதோ கோடிக்கணக்கான எண்களுக்குள் கரைந்து கிடக்கிறது. பிழை நடந்தால் எந்த வரியைக் காட்டித் திருத்தச் சொல்வது என்று தெரியாது. அடுத்த கட்டக் கணினியைப் பற்றி என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது இந்த ஒளிவுதான்.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. 2022-இல் தொடங்கிய மத்திய அரசின் பாஷினி திட்டமும் சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழுவும் இந்திய மொழிகளின் பேச்சைத் திரட்டி வருகின்றன. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் எழுதும் உரிமையைத் தருகிறது. கடிதம் பேச்சாக மாறிவரும் காலத்தில் அந்த உரிமை குரலுக்கும் நீள வேண்டும் என்று கேட்பது நியாயம். சித்தூர் தாலுகாவிலும் தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களிலும் பேசும் தமிழைத் தனி வகையாகக் குறித்துப் பதிவு செய்ய வேண்டும். பேசியவரின் சம்மதத்தோடும், எங்கே எப்போது யாரிடம் பதிவானது என்ற விவரத்தோடும். பெயர்களைப் பொறுத்தவரை, ழகரத்தின் இரண்டு ரோமன் வடிவங்களையும் ஒன்றாகக் கொள்ளும் ஒரு சிறிய விதியை ஒப்பீட்டு மென்பொருளில் சேர்ப்பது ஒரு மாலை நேர வேலை. அதைச் சேர்த்திருந்தால் எத்தனையோ 'ஒன் அண்ட் சேம்' சான்றுகளுக்கு நடந்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளி ஆசிரியர்கள் சிலரோடு சேர்ந்து நான் ஒரு சொற்பட்டியல் தொகுத்து வருகிறேன். ஒரு பத்தியில் சொல், அடுத்ததில் எல்லையிலுள்ள வாளையாருக்குக் கிழக்கே அதன் பொருள், மூன்றாவதில் மேற்கே அதன் பொருள், நான்காவதில் அதைச் சொன்னவரின் ஊர். ஆதாரம், பத்திரம், கரம் மூன்றும் முதல் பக்கத்தில் இருக்கின்றன. அடுத்து எழுத வேண்டியது பட்டயம்: கிழக்கே அது அரசர்கள் செம்பில் வெட்டிக் கொடுத்தது, மேற்கே, நிலம் இல்லாதவர் தாலுகா ஆபீசில் பல ஆண்டுகள் காத்திருந்து வாங்குவது.